பேட்டரியைக் கழற்றி மேஜையில் வை

எங்கள் பட்டறையின் வேலை மேஜை ஓரத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. நான்கு விரல் நீளம், அரை விரல் ஆழம். என் கையில் விழுந்திருக்க வேண்டியது.

அன்று துருப்பிடித்த கீல் ஒன்றின் கம்பியைப் பேட்டரி கிரைண்டரில் அறுத்துக்கொண்டிருந்தேன். பாதி அறுப்பில் சார்ஜ் தீர்ந்து, அறுக்கும் வட்டத் தகடான வீல் நின்றுவிட்டது. கிரைண்டரை மேஜையில் வைத்தேன். பேட்டரியை உருவினேன். சார்ஜரில் இருந்த இன்னொன்றை எடுத்து வந்து, இடது கையால் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் உள்ளே தள்ளினேன். ‘டக்’ என்று பூட்டிய அதே நொடியில் கிரைண்டர் அலறிக்கொண்டு துள்ளியது. வீல் மேஜை விளிம்பைக் கடித்தது, கருவி என் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் ஸ்விட்ச் பின்னால் நழுவி அணைந்தது என் அதிர்ஷ்டம். வீலின் மேல் இருக்கும் இரும்புக் கவசம் என் பக்கம் திரும்பி இருந்தது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம்.

நடந்தது இவ்வளவுதான்: சார்ஜ் தீர்ந்து வீல் நின்றபோது நான் ஸ்விட்சை அணைக்கவில்லை. நின்றுவிட்டதே, அப்புறம் எதை அணைப்பது? வயர் கருவி என்றால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன். வேலை நடுவில் கரண்ட் போனால் விரல் தானாகவே ஸ்விட்சைப் பின்னால் இழுத்துவிடும். கரண்ட் திரும்பி வரும்போது மிஷின் தானாக ஓடக்கூடாது என்று பல வருஷமாகக் கைக்குப் பழக்கம். பேட்டரி தீர்வதும் கரண்ட் போவதும் ஒன்றுதான் என்பது மட்டும் அந்தக் கைக்குத் தெரியவில்லை.

பேட்டரியைப் போட்டதும் தானாக ஓடாமல் தடுக்கும் ஏற்பாடு இப்போது பல கிரைண்டர்களில் வருகிறது. என்னுடையதில் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அழுத்திப் பிடித்தால் ஓடி, கையை விட்டால் நிற்கும் துடுப்பு ஸ்விட்ச் உள்ளதாகப் பாருங்கள். முன்னால் தள்ளிவிட்டால் அங்கேயே நிற்கும் ஸ்விட்சை நான் இனி வாங்கப் போவதில்லை.

இதற்குப் பிறகுதான் வயர் என்ற ஒன்று எனக்கு இத்தனை நாள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று யோசித்தேன். டிரில்லில் துளை போடும் பிட்டை மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிப் போடுவோம். அது கண்ணுக்குத் தெரியும்படி தரையில் கிடக்கும். மிஷினில் உயிர் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பேட்டரி கருவியில் அந்தச் சாட்சி இல்லை. பார்க்கச் சாதுவாக அலமாரியில் உட்கார்ந்திருக்கும், ஆனால் எந்த நேரமும் பிளக்கில் சொருகியபடியே இருக்கிறது. அதனால் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்தோம். பிட், வீல், பிளேடு, கவசம் இவற்றில் எதைத் தொட வேண்டியிருந்தாலும் முதலில் பேட்டரி வெளியே வர வேண்டும், மேஜை மேல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கிடக்க வேண்டும். டிரில்லை முன்னும் பின்னும் சுழல வைக்கும் பட்டனை நடுவில் நிறுத்தினால் ட்ரிக்கர் பூட்டிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அந்தப் பட்டன் சட்டை உரசினாலே நகரும். ஒரு முறை வேலைக்குப் போகும் வழியில் ‘விர்ர்’ என்று சத்தம் கேட்டு, போன்தான் அடிக்கிறது என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன். சத்தம் கருவிப் பையிலிருந்து வந்தது. ரசமட்டம் ட்ரிக்கரை அழுத்தி, டிரில் பைக்குள்ளேயே டேப் ஒன்றைச் சுற்றிச் சுற்றி நூலாக்கிக்கொண்டிருந்தது. டிரில்லின் உடம்பைத் தொட முடியாத சூடு.

இனி பேட்டரிக்கு வருகிறேன். பலரும் கருவியைத்தான் பயத்தோடு பிடிக்கிறார்கள், பேட்டரியைச் செங்கல் போலத் தூக்கிப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

18 வோல்ட் பேட்டரி என்பது ஒரே பேட்டரி அல்ல. உள்ளே பெரும்பாலும் விரல் அளவு உருளைச் செல்கள் வரிசையாக இருக்கும். பழக்கமான அளவு 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு லித்தியம் செல்லுக்கு 3.6 வோல்ட், ஐந்தை வரிசையில் கோத்தால் 18. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் வரை ஏறும், அப்போது மொத்தம் 21. மேலே 20 வோல்ட் என்று அச்சடித்ததற்கும் 18 வோல்ட் என்று அச்சடித்ததற்கும் உள்ளே வித்தியாசம் இல்லை, இரண்டிலும் அதே ஐந்து செல் வரிசைதான். இதற்காகக் கடையில் அரை மணி நேரம் வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்று சொல்லும் ஆம்பியர்-அவரில்தான் உண்மையான வித்தியாசம். 2 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பெரும்பாலும் ஐந்தே செல்கள், ஒரே வரிசை. 4 என்றால் பத்து செல்கள், இரண்டு வரிசை. பெரியது அதிக நேரம் ஓடும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். விஷயம் சூட்டில் இருக்கிறது. வட்ட ரம்பம் கெட்டி மரத்தில் 30 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். சின்னப் பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் அந்த 30 ஆம்பியரை முழுசாகச் சுமக்கிறது. இரண்டு வரிசை இருந்தால் ஆளுக்குப் பதினைந்து. சுமை பாதியாகும்போது செல்லில் பிறக்கும் சூடு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. ஏனென்றால் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது. கிரைண்டரிலும் ரம்பத்திலும் சின்னப் பேட்டரி சீக்கிரம் செத்துப்போவதற்கு இதுதான் காரணம். திருகு முடுக்க 2 போதும், கைக்கும் பாரம் இல்லை. அறுக்கிற வேலைக்கு அதைப் போடாதீர்கள்.

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒரு நாள் அதைத்தான் செய்தான். பலகை பலகையாக அறுத்து, தீர்ந்த பேட்டரியைச் சுடச்சுட சார்ஜரில் மாட்டினான். சார்ஜரில் விளக்கு சிமிட்டியது, சார்ஜ் ஏறவில்லை.

“அண்ணே, சார்ஜர் போச்சுண்ணே.”

“போகலடா. பேட்டரியத் தொட்டுப் பாரு.”

“ஐயோ, கொதிக்குது!”

பேட்டரிக்குள் சூட்டைப் பார்க்கும் சின்ன உணரி ஒன்று இருக்கும். நல்ல சார்ஜர் அதைக் கேட்டுவிட்டு, ஆறும்வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைப் பழுது என்று நினைத்து, உணரி இல்லாத மலிவு சார்ஜருக்கு மாறியவர்கள் உண்டு. அவன் அவசரத்தில் ஈரத் துணியைச் சுற்றப் போனான், தடுத்து ஃபேன் முன்னால் வைக்கச் சொன்னேன். அரை மணியில் தானாக ஏற ஆரம்பித்தது. கையில் பிடிக்கச் சூடாக இருக்கும் பேட்டரியை நான் சார்ஜ் போடுவதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. உறைபனிக் குளிரில், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல்லுக்குள் உலோகமாகவே படியத் தொடங்கும், அது பிறகு உள்ளேயே ஷார்ட் ஆக வழி. குளிர்ந்து கிடந்த பேட்டரியை அறைக்குள் கொண்டுவந்து கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் போடுவது நல்லது.

இப்போது நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

என் முதல் டிரில் 12 வோல்ட் நிக்கல்-காட்மியம். பேட்டரி டிரில் என்ற ஒன்றை 1961ல் பிளாக் அண்ட் டெக்கர் விற்கத் தொடங்கியதும் இந்த நிக்கல்-காட்மியத்தில்தான். லித்தியம் பெரிய கருவிகளுக்கு வந்தது 2005ஐ ஒட்டி. இடையில் நாற்பது வருஷத்துக்கும் மேல் பட்டறைகளில் ஓடிய ஒரு பாடம் உண்டு: ‘கடைசிச் சொட்டு வரை ஓட்டி, அப்புறம்தான் சார்ஜ் போடணும்.’ நிக்கல்-காட்மியத்துக்கு அந்தப் பேச்சில் அர்த்தம் இருந்தது. பாதியில் பாதியில் சார்ஜ் போட்டால் அது அந்தப் பாதியையே முழுசு என்று நினைத்துக்கொள்ளும் என்பார்கள். லித்தியத்துக்கு நேர்மாறு. டிரில் திணற ஆரம்பித்ததும் நிறுத்திச் சார்ஜ் போட்டுவிட வேண்டும், பாதியில் போட்டாலும் ஒரு கெடுதலும் இல்லை. நானோ பழைய பாடத்தை அப்படியே புதுப் பேட்டரிக்கும் ஓதினேன். ஒன்றை அடியோடு தீர்த்துவிட்டு, சார்ஜ் போட மறந்து, அலமாரியில் மாதக்கணக்கில் விட்டுவிட்டேன். எடுத்துப் போட்டபோது சார்ஜர் ஏற்க மறுத்தது. செத்த பேட்டரி என்று விளக்கு சொன்னது.

விட்டிருக்கலாம். நன்றாக இருக்கும் பேட்டரி ஒன்றை வயர் வைத்துச் செத்ததோடு சில நொடி இணைத்தால் உயிர் வந்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். செய்தேன். வந்தது! சார்ஜர் ஏமாந்து சார்ஜ் ஏற்றியது. ஒரு வாரம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஒரு வாரத்தில் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. செல் அளவுக்கு மீறித் தீர்ந்துபோனால் அதன் உள்ளே இருக்கும் செம்புத் தகடு மெல்லக் கரைகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிகிறது, படிந்த இடத்தில் ஷார்ட். சார்ஜர் மறுத்தது பிடிவாதத்தால் அல்ல. நான்தான் அதன் வாயைப் பொத்திவிட்டேன்.

மூன்றாவதோ நான்காவதோ சார்ஜில் பட்டறைக்குள் ஒரு வாசனை. நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல, லேசாக இனிக்கிற வாசனை. தின்னர் டப்பா திறந்திருக்கிறது என்று நினைத்து அதைத் தேடினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு போய் நின்ற இடம் சார்ஜர். பேட்டரியின் ஒரு பக்கம் மட்டும் கொதித்தது, மறுபக்கம் சாதாரணச் சூடு. பிளக்கைப் பிடுங்கினேன், பேட்டரியை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு ஓடி வெளியே வெறும் மண்ணில் போட்டேன். தீப்பிடிக்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் கழித்தும் தொட முடியவில்லை.

வெறுங்கையால் தூக்கிய அந்த வேலையை இன்று செய்ய மாட்டேன். சூடேறிக்கொண்டே போகும் செல், ஒரு கட்டத்துக்கு மேல் தன் சூட்டாலேயே இன்னும் சூடாகும். அதன் பிறகு பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது, பக்கத்துச் செல்லையும் கூட்டிக்கொண்டு போகும். எந்த நொடியில் அந்தக் கட்டம் வரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கரண்டை நிறுத்து, ஆட்களை வெளியேற்று, நீயும் வெளியே போ, தீயணைப்புத் துறையைக் கூப்பிடு. இதுதான் சரி. புகை வந்துவிட்டால் அதைச் சுவாசிக்கக் கூடாது, ஹைட்ரஜன் ஃபுளோரைடு கலந்த விஷப்புகை அது. தீயைப் போர்வை போட்டு மூடினால் அடங்காது, செல்லைக் குளிர வைக்க ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். அணைந்தது போல் இருந்து மறுபடி பற்றும்.

செல்போன் பேட்டரி கெட்டால் உப்பிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். கருவிப் பேட்டரி பெரும்பாலும் அப்படி உப்பாது என்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். உள்ளே இருக்கும் உருளைச் செல்லின் உடம்பு எஃகு. அழுத்தம் மிஞ்சினால் தலைப்பக்கம் இருக்கும் வால்வு வழியாக ஆவியை விடும், அவ்வளவுதான். எனவே கண்ணை நம்பிப் பயனில்லை. மூக்கும் உள்ளங்கையும்தான் துணை. இனிப்பு வாசனை, சும்மா கிடக்கும்போதே சூடு, ஒரு பக்கம் மட்டும் சூடு, பிளாஸ்டிக் உறை நெளிந்திருப்பது, கருவியோடு மின்சாரம் இணையும் டெர்மினல் பக்கம் ஈரக் கறை, கீழே விழுந்த பிறகு உள்ளே ஏதோ கலகலக்கும் சத்தம். இதில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பேட்டரியின் கதை முடிந்தது.

அன்றிலிருந்து சார்ஜர் இருக்கும் இடமும் மாறியது. முன்பு மரத்தூள் மூட்டைக்கும் வார்னிஷ் டப்பாக்களுக்கும் நடுவில், வாசலை ஒட்டி இருந்தது. தீப்பிடித்தால் நாங்கள் வெளியே ஓடும் வழியே அதுதான்! இப்போது கல் பதித்த திட்டில், சுற்றிலும் எரிகிற பொருள் எதுவும் இல்லாமல், வழியை விட்டு விலகி இருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில், இரவு தூங்கும்போது சார்ஜ் போடுவதில்லை. ஏறி முடிந்ததும் கழற்றிவிடுவோம்.

போலிப் பேட்டரி பற்றிச் சுருக்கமாக ஒன்று. பழக்கமான உருளைச் செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். பத்து செல் பேட்டரி என்றால் செல் மட்டுமே 450 கிராம், உறையும் தகடுகளும் தனி. தராசில் வையுங்கள். உறையில் பெரிய எண் அச்சடித்து, எடை ஐந்து செல் பேட்டரிக்கு உரியதாக இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கம்பெனிப் பேட்டரியை இன்னொரு கம்பெனிக் கருவியில் மாட்டும் அடாப்டரையும் நான் தொடுவதில்லை. அளவுக்கு மீறித் தீராமல் காக்கும் காவல் சில கம்பெனிகளில் பேட்டரிக்குள் இருக்கும், சிலவற்றில் கருவிக்குள் இருக்கும். இரண்டையும் கலந்தால் காவலே இல்லாமல் போகலாம். அப்புறம் மேலே சொன்ன செம்புக் கதைதான்.

கருவியின் பலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘பேட்டரி டிரில்தானே, விளையாட்டுச் சாமான் மாதிரி’ என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 100 நியூட்டன் மீட்டர் முறுக்குள்ள பேட்டரி டிரில்கள் இருக்கின்றன. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் பத்து கிலோவைத் தொங்கவிட்டால் மறுமுனையில் மணிக்கட்டு எவ்வளவு முறுகும் என்று நினைத்துப் பாருங்கள். மரச்சட்டத்தில் பெரிய துளை போடும்போது பிட் முடிச்சில் சிக்கிக்கொண்டால் பிட் நிற்கும், டிரில் சுற்றும், அதோடு உங்கள் கையும் சுற்றும். எனக்கு மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம் எழுதக்கூட முடியவில்லை. டிரில்லோடு கொடுத்த பக்கவாட்டுக் கைப்பிடி அதன் பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடந்தது. பெரிய துளைக்குக் கைப்பிடியை மாட்டி, கியரை 1ல் வைத்து, திருகு முடுக்கும்போது முறுக்கின் எல்லையை வைக்கும் கிளட்ச் வளையத்தைச் சின்ன எண்ணிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் கையும் பிழைக்கும், திருகின் தலையும் பிழைக்கும். சுழலும் பிட் பக்கத்தில் துணிக் கையுறை வேண்டாம், நுனி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

கிரைண்டர் வீலில் அச்சடித்திருக்கும் வேகத்தையும் படியுங்கள். 125 மில்லிமீட்டர் வீலில் நிமிடத்துக்கு 12,200 சுற்று என்று இருந்தால், அதன் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் ஓடலாம் என்று பொருள். மணிக்கு 288 கிலோமீட்டர். அந்த வேகத்தில் உடையும் துண்டுக்குக் கண்ணாடி போடாத கண் எதிரே நிற்கக் கூடாது. கருவியின் வேகம் வீலின் எண்ணைத் தாண்டக் கூடாது. பெரிய வீலை மாட்டுவதற்காகக் கவசத்தைக் கழற்றுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. நடு ஓட்டையைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பிசினால் ஒட்டிய வீல் ஈரத்திலும் வயதிலும் பலம் இழக்கிறது.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்வோம். இரும்பு அறுத்த நாளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் இரும்புத் தூளில் மின்சாரம் பாயும், பேட்டரி மாட்டும் இடத்தில் அது படிந்தால் வம்பு. டெர்மினலை உலர்ந்த துணியால் துடைப்போம், கறை இருந்தால் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். எண்ணெய், கிரீஸ் அங்கே வேண்டாம். பழைய வகை மோட்டாரில் கார்பன் பிரஷ் பொறி தட்டும், அதனால் தின்னர், பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் அதை இயக்குவதில்லை. பேட்டரியை ஆணி, திருகோடு ஒரே பையில் போடுவதில்லை, பிளாஸ்டிக் மூடி தொலைந்திருந்தால் டெர்மினலில் டேப்பாவது ஒட்டுவோம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விடுவதில்லை. கொஞ்ச நாள் வேலை இல்லையென்றால் பேட்டரியில் சார்ஜ் காட்டும் நான்கு விளக்கில் இரண்டு எரியும் அளவுக்குச் சார்ஜ் வைத்து, கருவியிலிருந்தும் சார்ஜரிலிருந்தும் கழற்றி, குளுமையான உலர்ந்த இடத்தில் வைப்போம். முழுசாக ஏற்றி வைத்தால் சீக்கிரம் கிழடாகும், காலியாக வைத்தால் என்னாகும் என்று சொல்லிவிட்டேன்.

மண்ணில் போட்ட அந்தப் பேட்டரியை நான்கு நாள் வெளியிலேயே விட்டுவிட்டு, பிறகு மின்கழிவு சேகரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோக எடுத்தேன். குப்பைத் தொட்டியில் போட்டால் வண்டியில் நசுங்கும், நசுங்கினால் அங்கே தீ. டெர்மினலில் டேப் ஒட்டச் சொன்னபோது தம்பி சிரித்தான்.

“செத்த பேட்டரிக்கு எதுக்குண்ணே டேப்பு?”

மல்டிமீட்டரை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். வைத்துப் பார்த்தான். 11 வோல்ட் காட்டியது. இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் டேப்பை எடுத்துவரப் போனான்.